பச்சைக் கோப்பில் இருந்த பெயர்

பிரெஞ்சு அரசாங்கம் பதக்கம் கொடுக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். எங்கள் பிரிவு கொடுத்தது காகிதம் மட்டும்தான். முத்திரை குத்தி, கையெழுத்திட்ட, கெட்டியான ஒரு தாள். நாடாவில் தொங்கும் உலோகத் துண்டை வாங்கிக்கொள்வது அவரவர் பாடு. அதற்கென்று கடைகள் இருக்கின்றன. முப்பத்தொரு வருடம் அந்தத் தாள்களைத் தயார் செய்தேன். ஒரு பதக்கத்தைக்கூட என் கையால் யார் சட்டையிலும் குத்தியதில்லை.

பாண்டிச்சேரியில் எங்களைச் சொல்தா வீட்டுக்காரர்கள் என்பார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் எனக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை. பத்தொன்பது வயதில் பாரிஸ் வந்தேன், தபால் பிரிக்கும் கூடத்தில் சில காலம் நின்றேன், போட்டித் தேர்வு எழுதினேன், கடைநிலை எழுத்தராகப் பதக்கப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு பழைய கல் கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் உள்முற்றமும் குப்பைத் தொட்டிகளும் தெரியும். முதல் நான்கு வருடங்களில் அங்கே இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்: தேதிகளை எப்படிக் கழிப்பது, வாயை எப்படி மூடிக்கொண்டிருப்பது.

இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர் பஸ்கால் என்ற சக ஊழியர். பாண்டிச்சேரிக்காரப் பெண்மணி ஒருவர், இறந்துபோன கணவருக்கு வரவேண்டிய சான்றிதழைக் கேட்டு மூன்று முறை வந்து போனார். அவருடைய கோப்பு அடுக்கின் அடியில் கிடந்தது. நான் அதை உருவி மேலே வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் காப்பி இயந்திரத்தின் முன்னால் பஸ்கால் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஆட்களின் கோப்புகளுக்கு மட்டும் கால் முளைத்துவிடுகிறதே, முசியே அருளப்பன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலை நான் குடியிருந்த சார்செல் வரை ரயிலில் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அதற்குப் பிறகு நம்மூர்ப் பெயர் தாங்கிய கோப்பு எதுவும் என் மேசைக்கு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு படை நடவடிக்கை நடந்தால், அதில் குறிப்பிட்ட நாட்கள் இருந்தவர்களுக்கு அந்த நடவடிக்கைக்கான பதக்கம் உண்டு. படைவீரர்களுக்குப் பழுப்புக் கோப்பு. அவர்களுடைய நாட்களைப் படைப்பிரிவின் பதிவேடே சொல்லிவிடும். அவர்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சிவிலியன்களுக்குப் பச்சைக் கோப்பு. மருத்துவர்கள், பொறியாளர்கள், பாதிரிமார்கள், படையோடு போன செய்தியாளர்கள் எல்லோரும் பச்சை. பச்சைக் கோப்புக்காரர் ஒவ்வொரு நாளையும் தாமே நிரூபிக்க வேண்டும். அனுப்பிய நிறுவனத்தின் கடிதம், களத் தலைமையகம் வெளியிட்ட அனுமதிப் பட்டியலில் பெயர், போய்வந்த போக்குவரத்துச் சீட்டு, அடையாளச் சான்று. நான்கில் மூன்று ஒத்துப்போனால் மேலே அனுப்பலாம். ஒரே ஒரு எழுத்து பிசகினாலும் கீழே நிற்கும்.

துப்பாக்கி தொடாதவர்களுக்குப் பட்டாளத்தின் பதக்கம் எதற்கு என்று எங்கள் பிரிவிலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. பிரிவுத் தலைவி மதாம் கொர்னியே மட்டும் அந்தப் பேச்சை அனுமதிக்க மாட்டார். "ஒரே வண்டியில் ஏறினவர்களைக் கண்ணிவெடி பிரித்துப் பார்ப்பதில்லை" என்பார், தலையை நிமிர்த்தாமலேயே.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பை எப்போதும் நின்றுகொண்டுதான் படிப்பார். பேனா எடுக்க மாட்டார். கூராகச் சீவிய பென்சில்தான். கோப்பைத் திறப்பதற்கு முன் அதன் மேலிருக்கும் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்வார். வராத பெயராக இருந்தால் இரண்டு மூன்று முறை முயற்சி செய்வார், ஆள் எதிரில் நிற்பதுபோல. பிறகு துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாள்களை மேசை மேல் பக்கம் பக்கமாகப் பரப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இவரை அங்கே யார் பார்த்தது?" பதில் தாளில் இருந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு கோடு. இல்லையென்றால் கோப்பை மூடி என்னிடம் திருப்பித் தருவார். கடிந்துகொள்ள மாட்டார், பாராட்டவும் மாட்டார். இருபது வருடம் அவரிடம் வேலை செய்தேன். எங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவரும் தோற்ற இடங்கள் உண்டு. தொலைக்காட்சியில் அடிக்கடி தோன்றும் ஒருவர் கழுத்தில் பாலைவனத்துச் சால்வையோடு ஒன்பது நாள் களத்துக்குப் போய்வந்தார். அந்த ஒன்பது நாளில் ஏழு நாள் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் இருந்ததாக அவர் கொடுத்த சீட்டுகளே சொல்லின. மதாம் கொர்னியே கோப்பை இரண்டு தடவை மூடித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை அது மேலிருந்து கையெழுத்தோடு இறங்கி வந்தது. அவர் தாளைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார், "அச்சடியுங்கள்" என்றார். அச்சடித்தேன். அந்த மனிதரின் பெயரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தது நான்தான்.

இப்போது ரவீந்திரநாதனைப் பற்றி.

சகாராவுக்குத் தெற்கே ஒரு நாட்டில் நடந்த நடவடிக்கை அது. படையோடு போன ஒரு தொலைக்காட்சிக் குழுவின் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. குழுவில் மூன்று பேர்: செய்தியாளர், கேமராக்காரர், ஒலிப்பதிவாளர். மூவரும் காயத்தோடு பிழைத்தார்கள். செய்தியாளரும் கேமராக்காரரும் தொலைக்காட்சியின் நிரந்தர ஊழியர்கள். அவர்களுடைய கோப்புகள் தொலைக்காட்சியிலிருந்தே ஒழுங்காகக் கட்டி வந்தன. இரண்டு வாரத்தில் முடித்துவிட்டோம். ஒலிப்பதிவாளரின் கோப்பு வரவில்லை. ஒலிப்பதிவாளரே வந்தார்.

நாற்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறையில் சில தாள்கள். என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தது.

"அண்ணை தமிழோ?"

நான் முதலில் சுற்றிப் பார்த்தேன். பஸ்கால் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். "ஆமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மற்ற கேள்விகளைப் பிரெஞ்சில் கேட்டேன். அவருக்குப் பிரெஞ்சு நன்றாகவே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, குடியுரிமை எடுத்து, திருமண வீடியோக்களுக்கு ஒலி பிடிக்கத் தொடங்கி, ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகத் தொலைக்காட்சிக் குழுக்களோடு போகிற அளவுக்கு வளர்ந்தவர். வெடிப்பில் இடது காது போய்விட்டது. ஒலி பிடிக்கிறவருக்கு ஒரு காது போனால் தொழிலே போன மாதிரி. நான் பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினார். ஒப்பந்த நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. தொலைக்காட்சியோ, அவர் எங்கள் ஊழியர் அல்ல என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்திருந்தது.

எதற்காக இந்தப் பதக்கம் என்று கேட்கும் கட்டம் விண்ணப்பத்தில் கிடையாது. அவராகவே சொன்னார், இந்த முறை தமிழில்.

"பதக்கத்தைக் குத்திக்கொண்டு திரிய எனக்கு ஆசையில்லை அண்ணை. ஊரிலை ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனான். இஞ்சை வந்து ஆமியின்ரை பதக்கம் கேட்டு நிக்கிறன், எனக்கே சிரிப்பு வருது. ஆனா என்ரை மகளுக்குப் பதின்மூண்டு வயசு. அவளின்ரை பள்ளிக்கூடத்திலை அந்தச் செய்திப் படத்தைப் போட்டுக் காட்டினவை. 'காயப்பட்ட எங்கள் இரண்டு தோழர்கள்' எண்டு அதிலை சொல்லுது. பிள்ளை வீட்டை வந்து கேக்கிறாள், பப்பா, அவை ரண்டு பேர் எண்டுதானே சொல்லினம், நீங்கள் உண்மையா எங்கை போனனீங்கள் எண்டு."

உறையிலிருந்த தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"நான் அங்கை நிண்டனான் எண்டு ஆராவது ஒருக்கால் எழுதித் தரவேணும். அவ்வளவுதான்."

இந்த முறை பக்கத்து மேசைக்குத் தள்ளாமல் தாள்களை வாங்கிக்கொண்டேன். "என்னால முடிஞ்சதப் பாக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு மாதம் தேடினேன். அதைப் பொய்யில்லாமல் சொல்ல முடியும். அனுமதிப் பட்டியலை வரவழைத்தேன். செய்தியாளர் பெயர், கேமராக்காரர் பெயர், அதன் கீழே 'ஒரு டெக்னிசியன்' என்று மட்டும் இருந்தது. பிறகு காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற ஹெலிகாப்டரின் மருத்துவச் சீட்டு கிடைத்தது. அதில் மூன்று வரிகள். மூன்றாவது வரியில், அவசரக் கையெழுத்தில்: 'நாதன், ரவி. டெக்னிசியன். இடது காது.' அடையாளச் சான்றில் இருந்த பெயரோ கந்தையா ரவீந்திரநாதன்.

மதாம் கொர்னியே கோப்பை வாங்கி, பெயரை உரக்கச் சொல்ல முயன்றார். மூன்றாவது முயற்சியில் ஏறக்குறைய சரியாக வந்தது. தாள்களைப் பரப்பினார். அனுமதிப் பட்டியல், மருத்துவச் சீட்டு, அடையாளச் சான்று. கூட இருந்த இருவரிடம் வாக்குமூலம் வாங்கலாமா என்று நானே கேட்டேன். ஒரே சம்பவத்தில் பதக்கம் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்ல அன்றைய விதி இடம் தரவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. நெடுநேரம் மருத்துவச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"முசியே அருளப்பன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மொழி பேசுகிறவர்களிடையே இந்த நீளப் பெயரை இப்படி ரவி என்றும் நாதன் என்றும் உடைத்துச் சொல்லும் வழக்கம் உண்டா? உண்டு என்று நீங்கள் சொன்னால் அதையே குறிப்பாக எழுதி மேலே அனுப்பிவிடுகிறேன்."

இவ்வளவு எளிதான கேள்வியை என் வேலைக்காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ரவீந்திரநாதன் என்று பெயர் வைத்த எந்த வீட்டிலும் அவரை ரவி என்றுதான் கூப்பிடுவார்கள். வலியில் கிடக்கிறவனிடம் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் பெயர் கேட்டால் ரவி என்பான், மிச்சம் என்ன என்று கேட்டால் நாதன் என்பான். குழந்தைக்கும் தெரியும்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பஸ்கால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் நின்றதா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

"சொல்ல முடியாது, மதாம்" என்றேன். "இவர் இலங்கைக்காரர். அவர்கள் வழக்கம் வேறு. இரண்டும் தனித்தனிப் பெயர்களாகவும் இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக, மதாம்."

பென்சிலால் ஓரத்தில் ஒரு வரி எழுதினார். கோப்பை மூடினார். "பரிதாபம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

மறுப்புக் கடிதத்தை நானே அச்சடித்தேன். 'களத்தில் தாங்கள் இருந்ததை நிறுவும் சான்றுகள் போதாமையால்' என்று தொடங்கும் வாசகம் தயாராகவே இருந்தது; பெயரை மட்டும் இட்டு நிரப்ப வேண்டும். முழுப் பெயரையும் பிழையில்லாமல் இட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் மற்ற மறுப்புகளோடு அதையும் மறந்திருப்பேன். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குக் காய்கறி வாங்கப் போனேன். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையின் வாசலில், ஏப்ரன் கட்டிக்கொண்டு முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ரவீந்திரநாதன். நான் திரும்பி நடக்கலாமா என்று யோசிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"அண்ணை! வாங்கோ, வாங்கோ." கடைக்காரரைக் கூப்பிட்டார். "இவர்தான் நான் சொன்ன ஆள். என்ரை தொசியேக்காக, அந்தக் கோப்புக்காக, உள்ளுக்கை நிண்டு கதைச்ச மனுசன்." பிறகு என்னிடம், "கடிதம் வந்தது அண்ணை. பரவாயில்லை. நீங்கள் பாடுபட்டனீங்கள், அது காணும் எனக்கு."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சட்டம் அப்படி" என்றேன்.

அன்றிலிருந்து பதினோரு வருடம் அந்தக் கடையில் எனக்கென்று நல்ல கத்தரிக்காய் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. வரிசையில் நிற்கிறவர்களிடம், "ஐயா பெரிய ஒபீசிலை இருந்தவர், எங்கடை ஆக்களுக்கு உதவிற மனுசன்" என்று அவர் சொல்வார். நான் மறுத்ததில்லை. வேறு கடைக்குப் போயிருக்கலாம். போனால் அவர் தவறாக நினைப்பாரோ என்று பயந்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: என்னை நல்ல மனிதன் என்று பாரிசில் வேறு யாரும் சொன்னதில்லை.

மதாம் கொர்னியே ஓய்வுபெற்ற நாளில் அலமாரிச் சாவிகளை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்த ஒலிப்பதிவாளர் கோப்பில் நான் தவறான ஆளிடம் கேள்வி கேட்டுவிட்டேன்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. கணக்குத் தப்பிய ஒரு தேதியைத் திருத்துகிறவர் போலத்தான் சொன்னார். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் ஓய்வுபெற்றேன். சில வருடங்கள் போயின. போன இலையுதிர் காலத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் காமிய் என்ற இளம்பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். விதியை மாற்றிவிட்டார்களாம். ஒப்பந்தத்தில் போன தொழில்நுட்பக்காரர்களுக்கும் இனி அந்தப் பதக்கம் உண்டு; கூட இருந்தவர்களின் சாட்சியும் செல்லும். பழைய மறுப்புகளை மறுபடி திறக்கிறார்கள்.

"ஒவ்வொருவருக்கும் புதிய படிவத்தோடு அவருடைய பழைய கோப்பின் நகலையும் அனுப்பப்போகிறோம், முசியே. நல்ல விஷயம், இல்லையா?"

"முழுக் கோப்பின் நகலுமா?"

"முழுவதும். ஓரக் குறிப்புகள் உட்பட."

அன்றுதான் மதாம் கொர்னியே ரவீந்திரநாதனின் கோப்பு ஓரத்தில் என்ன எழுதினார் என்று கேட்டேன். காமிய் கோப்பை எடுத்துப் படித்துக் காட்டினாள். 'கலந்தாலோசிக்கப்பட்ட திரு. அருளப்பன், இரு பெயர்களும் ஒருவருடையவை என்று உறுதிப்படுத்த இயலவில்லை.' என் பெயர் முழுதாக, பிழையில்லாமல்.

மறுநாள் காலையே படிவத்தின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு லா சப்பல் போனேன். மனசாட்சி உந்தியதால் போனேன் என்று எழுத ஆசைதான். தபால் போய்ச் சேருவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும் என்றுதான் ஓடினேன்.

ரவீந்திரநாதனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கடைக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கடையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். ஆரணி என்று பெயர். வளர்ந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவருடைய வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். படிவத்தை மேசையில் வைத்தேன். விதி மாறியதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். மதாம் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், பாதி திறந்த கதவு. பஸ்காலைப் பற்றியும் சொன்னேன், அது காரணமாகுமா என்று தெரியாமலேயே. சொல்லி முடித்தபோது என் தேநீர் ஆறியிருந்தது.

அவர் அதிரவில்லை. மகளைப் பார்த்தார். அவள் பிரெஞ்சில் எதையோ சொல்ல வாயெடுத்தாள், கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"ஆரணி வேலைக்குச் சேர்ந்த கையோட என்ரை தொசியேயை எழுதிக் கேட்டு எடுத்தவள். கேட்டால் குடுக்கவேணும் எண்டு சட்டம் இருக்காம். ரண்டு வருசத்துக்கு முன்னமே நான் அதை வாசிச்சிட்டன்."

இரண்டு வருடம். இரண்டு வருடமாகக் கத்தரிக்காய் எடுத்து வைத்தார். இரண்டு வருடமாக 'வாங்கோ அண்ணை' என்றார்.

"ஏன் ரவி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"இப்ப வந்துட்டேனே."

அவர் படிவத்தை ஒரு விரலால் தொட்டார்.

"இல்லை அண்ணை. இண்டைக்குச் சட்டம் வந்திருக்கு. அதுக்குப் பின்னாலை நீங்கள் வந்திருக்கிறியள்."

பக்கத்து மேசையில் யாரோ ரோல்ஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆரணி படிவத்தை எடுத்து, வக்கீல் ஆபீஸ்காரி படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தாள். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துத் தகப்பனிடம் காட்டினாள். இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், விண்ணப்பதாரரை அறிந்த யாரும் இடலாம்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "நான் போடறேன். பிரிவிலயே வேலை செஞ்சவன் கையெழுத்து. மறுக்க மாட்டாங்க."

"வேண்டாம் அண்ணை" என்றார் ரவீந்திரநாதன். "கேமராக்காரன் இருக்கிறான், லியோனிலை. ஒரு போன் அடிச்சால் வருவான்."

"எதுக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து ஒருத்தரை? நான்தான் இங்க உக்காந்திருக்கேனே."

"நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேணும்." எழுந்து ஏப்ரன் முடிச்சைச் சரிசெய்தார். "அதை எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன்."

அவர் வேலைக்குத் திரும்பினார். ஆரணி படிவத்தை மடிக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டு, தேநீருக்கான காசை மூன்று பேருக்கும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் பேனாவை மூடினேன்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்து ஊரான பியர்ஃபித்தில் ஒரு கடையில் காய்கறி வாங்குகிறேன்.

வசந்தத்தில் காமிய் மறுபடி கூப்பிட்டாள். பட்டியல் வெளியாகிவிட்டதாம், கந்தையா ரவீந்திரநாதன் என்ற பெயர் இருக்கிறதாம், அவர் ஊர் நகராட்சி மன்றத்தில், குடும்பத்தார் முன்னிலையில் அணிவிக்கப்போகிறார்களாம். அவள் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

"முதல் ஆளாக வந்து அவருக்குப் படிவம் வாங்கிப் போனது நீங்கள்தானே, முசியே அருளப்பன். உங்களால்தான் இது நடந்தது."

"என்னால் இல்லை" என்றேன்.

அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.